நான்கு வயதுத் தம்பி, ஒன்பது வயது அக்கா: இரு பிறந்தநாள்களுக்கு நகரத்தில் ஓர் இடம் தேர்ந்த நிகழ்வு ஆய்வு

ஒரே மாதத்தில் பிறந்தநாள் வரும் அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரே நாளில், ஒரே இடத்தில் விழா நடத்த விரும்பிய ஒரு குடும்பத்துக்கு நகரத்தில் இடம் தேர்ந்து கொடுத்ததை இங்கே பதிவு செய்கிறேன். மகளுக்கு ஒன்பது வயது நிறைகிறது, மகனுக்கு நான்கு. பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். அடுத்தடுத்த வாரங்களில் இரண்டு விழாக்கள் நடத்த அவர்களுக்கு விடுப்பும் இல்லை, தெம்பும் இல்லை. இருவருக்கும் சேர்த்து ஒரே விழா என்ற நிபந்தனை அவர்கள் வைத்தது. அதை மாற்றச் சொல்ல எனக்கு இடமில்லை. விழா ஏற்பாடுகளில் இப்படிப்பட்ட கோரிக்கைகள் அடிக்கடி வருவதால், இதில் எடுத்த முடிவுகளையும் அவற்றின் காரணங்களையும் எழுதிவைப்பது மற்றவர்களுக்கும் பயன்படும் என்று நினைக்கிறேன். குடும்பத்தையும் இடங்களையும் அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன்.

பெற்றோர் என்னிடம் வந்தபோது இடம் ஏறக்குறைய முடிவாகியிருந்தது. மகள் ஒரு வகுப்புத் தோழியின் பிறந்தநாளுக்கு ஒரு ட்ராம்போலின் அரங்குக்கு, அதாவது இழுத்துக் கட்டிய துணிமேல் குதித்து விளையாடும் இடத்துக்கு, போய்வந்திருந்தாள். தனக்கும் அதே இடம்தான் வேண்டும் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். அரங்கின் அறிவிப்புப் பலகையில் மூன்று வயது முதல் அனுமதி என்று எழுதியிருந்ததால், தம்பிக்கும் அது ஒத்துவரும் என்று பெற்றோர் எடுத்துக்கொண்டனர். முன்பணம் கட்டுவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம் என்ற அளவில்தான் என்னை அழைத்திருந்தார்கள்.

பலகையில் இருக்கும் வயது, அந்த இடம் யாரை உள்ளே விடும் என்பதை மட்டுமே சொல்கிறது. உள்ளே வந்த பிள்ளையிடம் அது எதையெல்லாம் எதிர்பார்க்கும் என்பதைச் சொல்வதில்லை. வரிசையில் நிற்க வேண்டுமா, இருட்டில் உட்கார வேண்டுமா, அம்மாவின் கையை விட்டுவிட்டு முன்பின் தெரியாத ஒருவர் சொல்வதைக் கேட்க வேண்டுமா, இரைச்சலைத் தாங்க வேண்டுமா, தோற்றால் அடுத்த ஆட்டம் வரை ஒதுங்கியிருக்க வேண்டுமா என்ற கேள்விகளுக்கு விடை தெரிந்த பிறகே ஓர் இடம் எந்த வயதுக்கு உரியது என்று பேச முடியும். ஆகவே பலகையை ஒதுக்கிவைத்துவிட்டு, அழைப்புப் பட்டியலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

அழைப்புப் பட்டியல்

மகளின் வகுப்பிலிருந்து எட்டுப் பேர். அவர்களை வாசலில் இறக்கிவிட்டுப் பெற்றோர் கிளம்பிவிடுவார்கள். மகனின் மழலையர் பள்ளியிலிருந்து ஐந்து பேர். ஒவ்வொருவருடனும் அம்மாவோ அப்பாவோ வருவார்கள். உறவினர் பக்கத்தில் ஆறு வயதில் ஒரு பையன், பதின்மூன்று வயதில் ஒரு பெண், ஒன்றரை வயதில் ஒரு கைக்குழந்தை. பிறந்தநாள் காணும் இருவரையும் சேர்த்தால் பதினெட்டுப் பிள்ளைகள். நான்கு வயது, ஒன்பது வயது என்று இரண்டு எண்களாகப் பேசிக்கொண்டிருந்த விழாவில், பட்டியலை விரித்துப் பார்த்தால் ஐந்து வெவ்வேறு வயதுகள் இருந்தன.

பிரிட்டனின் குழந்தைப் பாதுகாப்பு அமைப்பான என்எஸ்பிசிசி, 2 முதல் 3 வயது வரை 4 பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர், 4 முதல் 8 வயது வரை 6 பேருக்கு ஒருவர், 9 முதல் 12 வயது வரை 8 பேருக்கு ஒருவர் என்று பரிந்துரைக்கிறது. இந்தக் கணக்கைப் பட்டியலோடு ஒப்பிட்டபோது எதிர்பாராத ஒன்று தெரிந்தது. சின்னவர்கள் பக்கம் பெரியவர்கள் தேவைக்கு மேலேயே இருந்தார்கள்; பெரிய பிள்ளைகள் ஒன்பது பேரைப் பார்த்துக்கொள்ளத்தான் ஒருவரும் இல்லை. விருந்தினரை வரவேற்பதும் கைக்குழந்தைக்காரர்களுக்கு இடம் பார்த்துக் கொடுப்பதுமாகப் பெற்றோர் இருவரும் ஓடிக்கொண்டிருக்கும்போது, ஒன்பது வயதுக் கூட்டம் தன்போக்கில் ஒரு மூலையை எடுத்துக்கொள்ளும். அதனால் அந்தக் கூட்டத்துக்கென்றே சித்தியும் மாமாவும் முன்கூட்டியே நியமிக்கப்பட்டார்கள்.

ஆட்டத்தின் தன்மையும் பார்க்கப்பட்டது. மில்ட்ரெட் பார்ட்டன் மழலையர் பள்ளிப் பிள்ளைகளைக் கவனித்து 1932இல் வெளியிட்ட ஆய்வு, தனியே ஆடுவது, பக்கத்தில் உட்கார்ந்து அவரவர் ஆட்டத்தை ஆடுவது, கொடுத்து வாங்கி ஆடுவது, ஒரே நோக்கத்தோடு கூடி ஆடுவது என்று விளையாட்டை வகைப்படுத்துகிறது. வயது ஏற ஏறக் கூடி ஆடுவது கூடும் என்றாலும், எந்தப் பிள்ளையும் ஒரு படியைத் தாண்டிய பிறகு திரும்பிப் பார்க்காமல் போய்விடுவதில்லை; புது இடத்தில், புது முகங்களுக்கு நடுவில், நான்கு வயதுப் பிள்ளை பெரும்பாலும் பக்கத்தில் உட்கார்ந்து ஆடும் நிலைக்கே திரும்பிவிடுகிறது என்பது நான் பல விழாக்களில் பார்த்தது. அதே 1932ஆம் ஆண்டில் ழான் பியாஜே, கோலி விளையாடும் சிறுவர்களிடம் விதிகளைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்டதை வெளியிட்டார். ஏழு, எட்டு வயதில்தான் எல்லோருக்கும் பொதுவான விதிக்குக் கட்டுப்பட்டு ஆட முயல்கிறார்கள்; விதிகளை நுணுக்கமாக வகுத்து அதற்காகவே வாதாடுவது பதினொன்று, பன்னிரண்டில் வருகிறது என்பது அவர் கண்டது. விழாவுக்கு இடம் தேடுகிறவர்களுக்கு இந்த இரண்டு ஆய்வுகளும் ஒரு சேர உதவுகின்றன. சின்னவர்களுக்கு ஒவ்வொருவர் கையிலும் ஒன்று இருக்கும்படி பொருள் தாராளமாக வேண்டும். பெரிய பிள்ளைகளுக்கு முறை, சவால், சின்னவர்கள் எட்டிப்பார்க்காத ஒரு கதவு ஆகியவை வேண்டும்.

கதவைப் பற்றிய கோரிக்கை மகளிடமிருந்தே வந்தது. “அவன் வந்தா நான் செஞ்சதையெல்லாம் கலைச்சுடுவான்” என்று அவள் சொன்னதைப் பெற்றோர் சிரித்துக் கடந்துவிட்டார்கள், நான் குறித்துக்கொண்டேன்.

ட்ராம்போலின் அரங்கு

வார இறுதி மாலையொன்றில், கூட்டம் நிறைந்திருக்கும் வேளையில், இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு அந்த அரங்குக்குப் போனோம். விழா நடக்கப்போகும் அதே கிழமையில், அதே நேரத்தில் போய்ப் பார்க்காமல் எந்த இடத்தையும் முடிவு செய்யக் கூடாது. வார நாள் காலையில் போனால் எல்லா இடமும் நல்ல இடமாகத்தான் தெரியும்.

அங்கே கொடுத்த வழுக்காத காலுறையில் மிகச் சிறிய அளவும் பையனின் குதிகாலைப் பிடிக்காமல் நழுவி, பாதத்தின் முன்பக்கம் துணியாகத் தொங்கியது. அவன் வலைத் தடுப்பை ஒட்டி நின்று இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டான். கை நீட்டும் தூரத்தில் இருப்பவரிடம் பேசக் குரலை உயர்த்த வேண்டியிருந்தால் இரைச்சல் 85 டெசிபலை எட்டியிருக்கலாம் என்பது நடைமுறையில் சொல்லப்படும் கணக்கு. அமெரிக்காவின் பணியிட நல ஆய்வு நிறுவனமான நியோஷ், பெரியவர்களுக்கு அந்த அளவில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் என்று வரம்பு வைத்து, ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரத்தைப் பாதியாகக் குறைக்கிறது. இரண்டு மணி நேர விழாவில் காது கெட்டுவிடும் என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் கேட்காத இடத்தில் நான்கு வயதுப் பிள்ளை பெற்றோரின் காலைவிட்டு நகராது. அவன் நகரவும் இல்லை.

காயம் பற்றிய கேள்வி இதைவிடப் பெரியது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2012இல் வெளியிட்ட அறிக்கை, வீட்டு ட்ராம்போலின்களில் ஏற்படும் காயங்களில் ஏறக்குறைய 75 சதவீதம் ஒரே நேரத்தில் பலர் குதிக்கும்போது நேர்வதாகவும், எடை குறைந்த பிள்ளைக்குக் காயம்படும் வாய்ப்பு உடன் குதிக்கும் கனமான பிள்ளையைவிட 14 மடங்கு வரை கூடுதல் என்றும் கூறுகிறது. கனமானவர் இறங்கும்போது துணி கீழே இழுபட்டு மேலெழும் விசை, சிறியவரின் கால் தரையைத் தொடும் நேரத்தில் வந்து முட்டுகிறது. ஆறு வயதுக்குக் கீழுள்ளவர்களுக்கு முழங்காலுக்குச் சற்றுக் கீழே முன்கால் எலும்பு முறிவது இப்படித்தான். அறிக்கை வீட்டில் வைத்துக்கொள்ளும் ட்ராம்போலினைப் பற்றியது, அரங்குகளில் ஒரு கட்டத்துக்கு ஒருவர் என்ற விதி உண்டு என்று நிர்வாகம் சொன்னது சரிதான். ஆனால் அந்த விதி காக்கப்பட்டால் நீண்ட வரிசை உருவாகும். வரிசையில் நிற்கத் தெரியாத வயதுக்காரன் பக்கத்துக் கட்டத்துக்குள் ஏறிவிடுவான். சின்னவர்களுக்குத் தனித் தடுப்பு இருந்தது, ஒரு தூணுக்கு அந்தப் பக்கம். அங்கே நிற்கும் பெரியவருக்கு இந்தப் பக்கம் ஒன்பது வயதுக் கூட்டம் என்ன செய்கிறது என்பது தெரியாது.

ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு மட்டுமான விழாவாக இருந்திருந்தால் நான் அந்த அரங்குக்குத் தலையசைத்திருப்பேன். இந்தப் பட்டியலுக்கு அது ஒத்துவராது என்று சொன்னபோது மகள் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். அவள் பக்கமும் நியாயம் இருந்தது.

மற்ற இடங்கள்

பௌலிங் கூடம் ஒன்று பார்த்தோம். பந்து ஓடும் தளம் எறிகோட்டிலிருந்து முதல் கட்டை வரை 18.29 மீட்டர். ஓரத் தடுப்புகளை எழுப்பிவிட்டு, பந்தைச் சரிவுப் பலகையில் வைத்துத் தள்ளவிட்டால் நான்கு வயதுப் பிள்ளையும் ஆடலாம். ஆனால் தள்ளிய பந்து ஊர்ந்து போய்ச் சேர்வதற்குள் அவன் கவனம் வேறெங்கோ போய்விடும். ஒரு தளத்தில் ஆறு பேர் என்றால் அடுத்த முறை வருவதற்குள் அவன் காணாமலே போய்விடுவான். மெத்தைகளும் சறுக்குகளும் நிறைந்த உள்ளரங்க விளையாட்டிடம் தம்பிக்கும் கைக்குழந்தைக்கும் பொருந்தியது. அக்காவின் தோழிகளில் பாதிப் பேர் அங்கிருந்த உயர வரம்பைத் தாண்டியவர்கள், மீதிப் பேர் வெட்கப்பட்டே வெளியே நின்றிருப்பார்கள். அறிவியல் அருங்காட்சியகத்தின் கோளரங்கத்தைப் பதின்மூன்று வயதுக்காரி விரும்பியிருப்பாள். இருட்டில் அசையாமல் உட்காரும் காட்சிக்கு ஒன்றரை வயதையும் நான்கு வயதையும் அழைத்துப் போவது மற்ற பார்வையாளர்களுக்கும் செய்யும் அநியாயம். பொதுப் பூங்காவை மழைக்கு மாற்று இடம் இல்லை என்பதாலும், சாலைப் பக்கம் வேலி இல்லை என்பதாலும் விட்டோம்.

மண்பாண்டக் கூடம்

முடிவில் எடுத்தது, மண்பாண்டம் செய்யக் கற்றுத்தரும் ஒரு கூடம். இரண்டு அறைகள், நடுவில் கதவு, உள்ளேயே கழிப்பறை, மூன்று சக்கரங்கள். விழாக்களுக்கென்று விளம்பரப்படுத்தப்படாத இடம் அது. பிள்ளைகளின் பிறந்தநாளுக்குக் கேட்டபோது நடத்துபவரே சற்று யோசித்துத்தான் சம்மதித்தார்.

களிமண் நான்கு வயதுப் பிள்ளையிடம் எதையும் கேட்பதில்லை. முறை வரும்வரை காத்திருக்க வேண்டாம், தோற்பதற்கு ஒன்றுமில்லை, பக்கத்தில் இருப்பவனோடு பேச வேண்டிய கட்டாயமும் இல்லை, பேசத் தோன்றினால் தடையும் இல்லை. அதே மண்ணைச் சக்கரத்தில் ஏற்றினால் அது ஒன்பது வயதிடம் நிறையக் கேட்கிறது. சுற்றும் மண்ணை நடுவில் நிலைநிறுத்த முழங்கையை ஊன்ற வேண்டும், அவசரப்பட்டால் குவளை ஒரு பக்கமாகச் சரிந்துவிடும், அடுத்தவர் முறையைப் பறிக்க முடியாது. ஒரே பொருள் இரண்டு வயதுகளுக்கும் இரண்டு விதமாக ஈடுகொடுத்ததே இந்தத் தேர்வின் முதன்மைக் காரணம்.

கவலைகளும் இருந்தன. வனைந்த பாண்டத்தை அன்றே கையில் கொடுத்தனுப்ப முடியாது. ஈரம் முழுவதும் போக ஒரு வாரமோ அதற்கு மேலோ உலர வேண்டும். உள்ளே ஈரம் தங்கியிருந்தால் சூளையில் அது நீராவியாகி மண்ணை வெடிக்கச் செய்துவிடும். அதன் பிறகே ஏறக்குறைய 1,000 டிகிரி செல்சியஸில் முதல் சூடு. ஒன்பது வயதுப் பிள்ளை அவ்வளவு நாள் பொறுத்திருந்து ஆவலோடு வந்து வாங்கிப்போகும். நான்கு வயதுப் பிள்ளைக்கு இரண்டு வாரம் கழித்து வரும் பொருள் யாருடையதோ ஒரு பொருள். ஆகவே சின்னவர்களுக்கு மட்டும், சூளை தேவைப்படாமல் காற்றிலேயே உலரும் மண்ணைக் கேட்டு வாங்கினோம். செய்ததை அட்டையில் வைத்து அன்றே எடுத்துப்போகலாம். உலர்ந்த களிமண் தூசியில் சிலிக்கா இருப்பதால் அது மூச்சில் போகக் கூடாது. அதைப் பற்றி நான் கேட்பதற்கு முன்பே, தரையைத் துடைப்பத்தால் கூட்டுவதில்லை, ஈரத் துணியால் துடைப்பதுதான் வழக்கம் என்று நடத்துபவர் சொன்னார். மெருகுப் பூச்சுகள் பூட்டிய அலமாரியில் இருந்தன. அந்த இரண்டையும் பார்த்த பிறகுதான் முன்பணம் கட்டச் சொன்னேன். அலங்காரத்தில் பலூன் வேண்டாம் என்றும் சொன்னேன். வெடித்த ரப்பர் பலூனின் துண்டு பிள்ளையின் தொண்டையை அடைத்துவிடும் என்பதால், எட்டு வயதுக்குட்பட்டவர்களைக் குறித்த எச்சரிக்கையைப் பலூன் பொட்டலங்களில் அச்சிட வேண்டும் என்று அமெரிக்கா 1994இலேயே சட்டம் இயற்றியது. கைக்குழந்தை தவழும் தரையில் அந்தத் துண்டுகள் வேண்டாம். காகிதத் தோரணம் கட்டினோம்.

ஒரே விழா என்ற நிபந்தனையை நேரத்தைக் கொண்டு சமாளித்தோம். சின்னவர்களுக்கு காலை 10 மணி முதல் 11.30 வரை, பெரிய பிள்ளைகளுக்கு 11 முதல் 1 மணி வரை. இரண்டும் சேரும் அரை மணி நேரத்தில் கேக், படம், உறவினர். தம்பி இன்னும் மதியம் தூங்குகிறவன் என்பதால் காலைப் பொழுதை அவனுக்குக் கொடுத்தோம். ஒன்றரை மணி நேரம் குறைவில்லையா என்று தந்தை கேட்டார். நான்கு வயது விழா நல்லபடியாக முடிவதும் அழுகையில் முடிவதும் பெரும்பாலும் கடைசி அரை மணி நேரத்தைப் பொறுத்தது. அந்த அரை மணி நேரத்தை முதலிலேயே வெட்டிவிடுவது மலிவான காப்பீடு.

மகளை முன்கூட்டியே ஒரு நாள் அழைத்துப்போய்ச் சக்கரத்தில் உட்காரவைத்தோம். இரண்டாவது அறை அவளுடையது, அங்கே யார் வரலாம், எந்தப் பாட்டு ஒலிக்கலாம் என்பதெல்லாம் அவள் முடிவு, அவள் செய்தது தம்பிக்கு எட்டாத மேல்தட்டில் இருக்கும் என்று உறுதி கொடுத்த பிறகு அவள் சம்மதித்தாள்.

விழா நாள்

சின்னவர்கள் முதல் கால் மணி நேரம் பெற்றோரின் முழங்காலைவிட்டு வரவில்லை. எல்லோருக்கும் ஒரே விலங்கைச் செய்யச் சொல்லித்தரலாம் என்று பயிற்சி கொடுப்பவர் திட்டமிட்டிருந்தார். சீக்கிரமே அதைக் கைவிட்டு ஆளுக்கு ஒரு உருண்டை மண்ணை முன்னால் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் கைகள் இறங்கின. ஒரு குழந்தை கடைசிவரை மண்ணைத் தொடவே இல்லை: கிண்ணத்துத் தண்ணீரில் பஞ்சை நனைத்து, பக்கத்துக் கிண்ணத்தில் பிழிந்து, திரும்பவும் முதல் கிண்ணத்துக்கே பிழிந்து கொண்டுவந்து, விழா முழுவதையும் அதிலேயே கழித்தது. அதன் அம்மா சங்கடப்பட்டு மண் பக்கம் திருப்பப் பார்த்தார். அந்தக் குழந்தைக்கு அதுதான் விழா என்று பயிற்சி கொடுப்பவர் சொல்லவும் விட்டுவிட்டார்.

இரண்டு கூட்டமும் சேர்ந்த அரை மணி நேரம் எதிர்பார்த்தபடியே கடினமாக இருந்தது. ஓர் அறையில் பதினெட்டுப் பிள்ளைகளும் அவர்களுக்கு இணையான பெரியவர்களும் நின்றபோது, ட்ராம்போலின் அரங்கின் இரைச்சல் இங்கேயும் எழுந்தது. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளித் தாழ்வாரத்துக்குப் போக வேண்டியதாயிற்று. அரை மணி நேரத்தோடு நின்றதால்தான் அதைத் தாங்க முடிந்தது.

பெரிய பிள்ளைகளின் அறையில் மூன்று சக்கரங்களுக்கு மூன்று மூன்று பேராகப் பிரித்தோம். முறை வராதவர்கள் மண்ணைத் தட்டையாக உருட்டி, இலையும் சரிகைத் துணியும் அழுத்தி அச்சு எடுத்துக்கொண்டிருந்தார்கள். இந்த இரண்டாவது வேலை இல்லாமல் இருந்திருந்தால், மூன்று சக்கரம் போதாது என்று நானே அந்த இடத்தை மறுத்திருப்பேன். பதின்மூன்று வயதுப் பெண்ணை உதவியாளராக வைத்துக்கொள்ளலாம் என்று பெற்றோர் நினைத்திருந்தார்கள். அவள் ஒரு மூலையில் தனியாக உட்கார்ந்து, யாருக்கும் காட்டாமல், மூடியுள்ள ஒரு சிறு பெட்டி செய்தாள். அந்த வயதுக்கு ஒரு வேலையைச் சுமத்துவதைவிட ஒரு மூலையை விட்டுக்கொடுப்பது பல நேரங்களில் பொருத்தமாக அமைகிறது.

ஆறு வயதுப் பையனுக்குத்தான் இந்த இடம் முழுவதும் ஒத்துவரவில்லை. அவனை 10 மணிக் கூட்டத்தில் சேர்த்திருந்தோம். 11 மணிக்குப் பெரிய பிள்ளைகள் வந்ததும் அவர்களோடு போயே தீருவேன் என்றான். மகள் தயங்கி அனுமதித்தாள். சக்கரத்தில் மண்ணை நடுவில் நிறுத்தும் வலு அவன் கைகளுக்கு இல்லை, மண் இரண்டு முறை பறந்து போனது, அழுதுவிட்டான். அவன் அப்பா பின்னால் உட்கார்ந்து, மகனின் கைகள்மேல் தன் கைகளை வைத்து ஒரு தட்டையான கிண்ணத்தை எடுத்துக்கொடுத்தார். விதியை ஏற்கத் தொடங்கும் வயது, வலு இன்னும் வராத வயது. ஐந்து முதல் ஏழு வரை உள்ள பிள்ளைகளுக்கு எந்த இடம் பார்த்தாலும், ஒரு பெரியவர் உடன் உட்கார்ந்து செய்ய இடமிருக்கிறதா என்பதைத் தனியாகக் கேட்க வேண்டும் என்று இப்போது என் படிவத்தில் சேர்த்திருக்கிறேன்.

சூளையிலிருந்து வந்தவற்றில் இரண்டு கோப்பைகளின் கைப்பிடி விரிசல் விட்டிருந்தது. நடத்துபவர் முன்கூட்டியே எச்சரித்திருந்ததால் ஒருவரும் வருத்தப்படவில்லை. அதில் ஒன்று பிறந்தநாள் பெண்ணுடையது.

அடுத்த ஆண்டுக்கு அவள் மறுபடியும் ட்ராம்போலின் அரங்கைத்தான் கேட்டிருக்கிறாள். பத்து வயது, வகுப்புத் தோழிகள் மட்டும், தம்பிக்கு வேறு நாள் என்றால் எனக்கு மறுப்பில்லை என்று பெற்றோரிடம் சொல்லியிருக்கிறேன். ஒரே வயதினருக்கு மட்டுமான நேரம் தருவார்களா, அந்த நேரத்தில் தளத்தில் எத்தனை ஊழியர்கள் நிற்பார்கள், ஒரு கட்டத்துக்கு ஒருவர் என்ற விதியை மீறும் பிள்ளையை யார் இறக்குவார் என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு முன்பணம் கட்டலாம். தம்பிக்கு ஐந்து வயதாகும். அவன் கூட்டத்துக்கு எந்த இடம் என்பதை அடுத்த ஆண்டுப் பட்டியல் வந்த பிறகு பார்ப்பதாக முடிவு.